மறதிப் பரீட்சையில் முதல் மார்க்

எங்கள் குடும்பத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிந்தவர் ஒருவர்கூடப் பிறக்கவில்லை. (என்னையும் சேர்த்துத்தான்.) அது வைத்தியத்தையே கெடுக்கும் என்று போன வருஷம்தான் தெரிந்தது.

எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை வலிப்பை நிறுத்தியது. கூடவே ஞாபகத்தையும் வழித்துக்கொண்டு போனது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். சூப்பர்வைசர் சொன்ன மாடலை மறந்து வேறெதையோ தைத்துவைக்க, பேக்கிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். டப்பாவுக்குள் காகிதம் திணிக்கிற வேலை! மறுபடி மெஷினில் உட்கார்ந்தே தீருவேன் என்று டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"மறதி எவ்ளோன்னு டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரைய மாத்தலாமான்னு பாக்கலாம். வீட்லருந்தே வீடியோ கால்ல பண்ணிக்கலாம்" என்றார். வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டுமாம். ஆனால் அவர் பேசக் கூடாதாம்.

அந்த ஒருவராக என் வீட்டுக்காரர், மாமியார், நாத்தனார் மூவரும் போனுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். "பரீட்சைன்னா ஃபெயிலாவக் கூடாது கலா" என்று மாமியார் நெற்றியில் திருநீறு வேறு பூசினார்.

டெஸ்ட் எடுக்கப் போனில் வந்த மேடம், "ஒரு நிமிஷத்துல உங்களுக்குத் தெரிஞ்ச மிருகமெல்லாம் சொல்லுங்க" என்றார்.

"மாடு, எருமை, ஆடு, செம்மறி ஆடு..." அதோடு நின்றுவிட்டேன். ஷூ தைக்க எங்கள் ஊருக்குத் தோலாக வராத மிருகம் எதுவும் உலகத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை. உடனே வீட்டுக்காரர் மூக்கருகே கையை வைத்து ஆட்டினார். "யானை!" என்றேன். நாத்தனார் எழுந்து குதித்தாள். "குரங்கு!" மாமியாருக்கு நடிப்பு வராது, "நரி, நரி" என்று நேராகவே கிசுகிசுத்தார். ஒட்டகச்சிவிங்கி வரை போய்விட்டேன். (வீட்டுக்காரருக்குக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.) அடுத்து, மேடம் சொன்ன வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லவேண்டும். நாத்தனார் செருப்பு டப்பா மூடியில் எழுதித் தூக்கிப் பிடித்தாள்.

"சூப்பர்மா! மறதியே இல்ல. இதே மாத்திரைய கன்டினியூ பண்ணலாம்னு டாக்டர்ட்ட சொல்லிடுறேன்" என்றார் மேடம்.

மூவரும் கைதட்டினார்கள். இதே மாத்திரை என்றால் காலம் பூரா டப்பாவுக்குள் காகிதம்தான் திணிக்கவேண்டும்!

"ஐயோ மேடம், எனக்கு மறதி இருக்கு! ஜாஸ்தியாவே இருக்கு!"

"மார்க்கு அப்டி சொல்லலையேம்மா."

"அது என் மார்க்கே இல்ல மேடம்!" போனைத் திருப்பினேன். மூவரும் டப்பா மூடியோடு தெரிந்தார்கள். மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "வேற கேள்வி வச்சு இன்னொரு தடவ பண்ணலாம்" என்றார்.

அடுத்த தடவை மாமியாரையும் நாத்தனாரையும் பள்ளிகொண்டா கோயிலுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்காரரைப் பக்கத்திலேயே சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். "திரும்பினீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்டுவேன்."

கேள்விகள் வந்தன. பதில்கள் வரவில்லை. "தெரியல மேடம்" என்று சொல்லும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் வீட்டுக்காரர் முதுகு நெளிந்தது. நான் விடவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே கடைசிவரை சொன்னேன்.

மார்க் படுமோசம். போனை வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இன்னாடி, ஃபெயிலானதுக்கு இவ்ளோ சந்தோஷமா?" என்றார்.

டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். ஞாபகம் ஓரளவு திரும்பியது. டாக்டர் சரி என்ற பிறகு, நானும் மெஷினுக்குத் திரும்பினேன்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே மாமியார் ஆரம்பித்துவிடுவார்: "எல்லாரும் பாஸாகி வேலைக்குப் போவாங்க. எங்க மருமவ ஃபெயிலாகி வேலைக்குப் போனவ!"