பட்டி மாமு பார்த்த சுவர்

பட்டி மாமு கை வைத்த சுவரில் எது பழசு, எது புதுசு என்று அதைக் கட்டிய கொத்தனாராலும் சொல்ல முடியாது. உடைத்த இடத்தில் புதிதாகப் பூசி, பழைய சுவரோடு மேடு தெரியாமல் வெள்ளைப் பட்டி மாவை இழுத்து, பெயின்டருக்குத் தயார் செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை.

வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை ஒன்றில், எங்கே வேலை செய்தாய் என்று முதலாளி கேட்டிருக்கிறார். காட்டப் போன மாமுவுக்கே இடம் தெரியவில்லை. மதியம்வரை சுவரைத் தடவிக்கொண்டே நின்றாராம். புடவை எடுக்க வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார்களாம்.

திருவொற்றியூரில் என் வீட்டு ஹாலில் சுவருக்குள் பைப் ஒழுகியது. பிளம்பர் உடைத்து, சரிசெய்து, சிமென்ட்டை அப்பிவிட்டுப் போனார். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகன் துபாயில். அந்தத் திட்டைப் பார்த்தபடியே தினமும் சாப்பிட்டேன். கடைசியில் மாமுவைக் கூப்பிட்டேன்.

வந்ததும் ஃபேனை நிறுத்தினார். ஓரம் சீக்கிரம் காய்ந்தால் கோடு விழுமாம். நான் வியர்வையில் நனைவது பற்றி அவருக்குக் கவலையில்லை. திட்டின் ஓரத்தைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, பழைய சுவரில் ஒரு முழம்வரை பட்டியை மெல்லிசாக இழுத்துவிட்டார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நிழல் விழுகிறதா என்று பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக் கன்னத்தைச் சுவரில் வைத்தார். கையை நம்பக் கூடாதாம், அது காய்ப்பு ஏறியதாம். என்னையும் கன்னம் வைக்கச் சொன்னார். வைத்தேன். குழம்பு கொண்டுவந்த மாடி வீட்டம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கிண்ணத்தோடு சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

மூன்று நாள் வேலை. ராயபுரத்தில் எந்த வீட்டுச் சுவரை எந்தச் சண்டையில் உடைத்தார்கள் என்று மூன்று நாளும் பேசித் தீர்த்தார். நாலாம் நாள் காலையில் எழுந்தபோது வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு வாரம் தாங்கினேன். பிறகு போன் செய்து, மேடு தெரிகிறது என்றேன். சுத்தப் பொய்.

எண்ணூரில் தன் வீட்டிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். டார்ச் அடித்தார். கன்னத்தை வைத்தார். வெகுநேரம் கன்னத்தை எடுக்கவே இல்லை. நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா நைனா, லேசா கீது" என்றார். "இன்னா அவசரம்? ஞாயித்துக்கெழமைல வந்து பாத்துக்கறேன்."

பூச்சுக் கரண்டிப் பையை அவிழ்க்கவே இல்லை. உட்கார்ந்து டீ கேட்டார். குடித்து முடித்து, தன் வீட்டிலும் யாருமில்லை என்றார்.

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் வருகிறார். பெயின்ட் அடித்தாச்சா என்று மகன் கேட்டால், பட்டி இன்னும் காயவில்லை என்கிறேன்.

போன ஞாயிறு மாமு வரவில்லை. காய்ச்சலாம். ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறினேன்.