ரோஷம் கெட்ட கேஸ்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகனும் மருமகளும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பதாக உன் கடை மெக்கானிக், அந்த மீசைக்காரர், சொன்னார். அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. உன்னோடு பேசுவதில்லை என்று நான் எடுத்த முடிவு அப்படியேதான் இருக்கிறது. இது பேச்சு இல்லை, எழுத்து. அதனால் முடிவுக்குப் பங்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். நீ என் மகன் பேச்சைக் கேட்டு என் அறையில் ஆள் அனுப்பி மாட்டிய புது ஏசியைக் கழற்றிக்கொண்டு போ. என் பழைய ஏசியைத் திரும்ப மாட்டு. ஏன் என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே ஏன் ஏன் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எழுந்து போகிறவன் நீ. ஆனாலும் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

பழைய ஏசி ஓடினால் ஜன்னல் கம்பி நடுங்கும், மேஜை மேல் வைத்த மூக்குக்கண்ணாடிக் கூடு தானாக நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே விழும். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் படுத்தால் தூக்கமும் வராது, விழிப்பும் இருக்காது, நடுவில் மூடுபனி மாதிரி ஒன்று வரும். அந்தப் பனிக்குள் இருந்து நான் கோபமாக இருக்கிற ஆட்கள் எல்லாம் ஒவ்வொருவராக நடந்து வருவார்கள். முதலில் பழக்கடைக்காரர் வருவார், என் தலையில் ஒரு முடி கூட நரைக்காத காலத்திலேயே என்னை "பாட்டிம்மா" என்று கூப்பிட்ட மகராசன். அப்புறம் அளவெடுத்துவிட்டு "போன தடவையை விட..." என்று இழுத்து, மீதியைச் சொல்லாமல் விட்ட தையல்காரர். அப்புறம் என் குடையைப் பார்த்து "இன்னும் இதுதானா?" என்று கேட்ட மேல்மாடி அம்மாள். கடைசியில் நீ வருவாய். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று வந்தாய், ஒரு காலில் செருப்போடு நின்றாய், நான் கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை ஜன்னல் திட்டில் வைத்து, "கடையில ஆள் காத்திருக்குக்கா" என்று போய்விட்டாய். கூடப்பிறந்தவள் கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடிக்க நேரம் இல்லாத கடை அப்படி என்ன கடை? அதை நினைத்ததும் உடம்பில் ஒரு சூடு ஏறும், ஏசி குளிரும், இரண்டும் சரியாக இருக்கும். அந்தச் சுகத்தில் எத்தனையோ மதியங்கள் போயின.

அப்படி இருந்த ஏசி ஒருநாள் வெறும் காற்றை ஊதியது. மீசைக்காரர் வந்து குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"கேஸ் கசிஞ்சு போச்சும்மா. அடியில கொஞ்சம்தான் மிச்சம்."

"போனா ரொப்பிடு."

"ரொப்ப முடியாதும்மா. பழைய கேஸ் வரத்தே நின்னுபோச்சு, அரசாங்கமே வேண்டாம்னுடுச்சு. திருட்டுத்தனமா ரொப்பினா கடைக்குப் பூட்டு, நாங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்னு முதலாளி சொல்லிட்டாரு."

"எனக்குன்னு ஒரு வாய் கூட எடுத்து வைக்கலையா? நான் கூடப்பிறந்தவதானே?"

"கூடப்பிறந்தவங்களுக்குன்னு தனிச் சட்டம் இன்னும் வரலைம்மா."

பார், உன் கடை ஆளின் வாயை. பிறகு அவரே சொன்னார், உங்கள் எல்லோரையும் அரசாங்கத்தார் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்களாம், பரீட்சை என்றதும் இரண்டு பேர் பயந்துபோய் மின்விசிறி பழுது பார்க்கிற வேலைக்கே போய்விட்டார்களாம், மிச்சம் இருப்பவர்கள் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்களாம். "இந்தப் பழசு மேல போனா சும்மா போகாதும்மா. வருஷக்கணக்கா வானத்துலயே உக்காந்துகிட்டு, பிடிச்ச சூட்டை விடவே விடாது. அதனாலதான் பூமி கொதிக்குதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். தம்பி, நான் சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வானத்தில் அப்படி ஒரு ஆள் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! அவர்கள் அதைக் குற்றம் என்கிறார்கள். நான் குணம் என்கிறேன். "புதுசு எப்படி?" என்று கேட்டேன். "புதுசு தங்கமானதும்மா. வெளிய போனாலும் கொஞ்ச நாள்ல கரைஞ்சு போயிடும். எதையும் மனசுல வச்சுக்காது" என்றார். ரோஷம் கெட்ட கேஸ் என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

முன்பெல்லாம் நீங்கள் குழாயைத் திறந்து உஸ் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போவீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீசைக்காரர் கையும் பழக்கதோஷத்தில் அந்தத் திருகுக்குத்தான் போயிற்று. பாதி திருப்பியவர் சுட்டது போலக் கையை இழுத்து, மற்ற கையால் அந்தக் கை மேலேயே ஒன்று போட்டார். அப்புறம் பூனை மாதிரி முனகுகிற ஒரு இயந்திரத்தை மாட்டி, மிச்சம் இருந்த கேஸை உறிஞ்சி ஓர் இரும்பு உருளைக்குள் அடைத்தார். அதைத் தராசில் வேறு வைத்து நிறுத்தார். ஜன்னல் வழியாக ஏறி மேகத்துக்கு மேலே போய் உட்கார்ந்திருக்க வேண்டிய என் கேஸ், வாசல் வழியாக அவர் தோளில் போயிற்று. நான் கையாட்டினேன் என்று மருமகள் சொல்கிறாள். ஈ ஓட்டினேன்.

மறுநாள் புதுசோடு வந்தார். வந்ததும் நாடாவை எடுத்து என் அறையை நீளம் அகலம் அளந்தார். வயதானவள் படுத்திருக்கும் அறைக்குள் ஓர் ஆள் நாடாவோடு வந்து பேசாமல் அளந்தால் நான் என்ன நினைப்பேன், நீயே சொல். "யாருக்குப்பா அளவு?" என்றேன்.

"கேஸுக்கும்மா. இது கொஞ்சம் பத்திக்கிற வகை. அறைக்குத் தக்கபடி அளந்துதான் வைக்கணும்."

"பத்திக்குமா? அப்ப அடுப்படியில வை. என் தலைமாட்டுல எதுக்கு?"

"அடுப்புல எரியற கேஸுக்கு இது சொந்தக்காரப் பிள்ளைதாம்மா. ஆனா படிச்ச பிள்ளை. அளவா வச்சா அடங்கி இருக்கும்."

அடங்கித்தான் இருக்கிறது. அதுதான் தம்பி கஷ்டமே. சத்தம் இல்லை. ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன், தூரத்தில் யாரோ பட்டுத்துணியை மடிப்பது போல இருந்தது. படுத்தேன். மேல்கூரை மெதுவாகத் தண்ணீர் ஆயிற்று, நான் அதன் அடியில் கூழாங்கல் மாதிரி கிடந்தேன். பழக்கடைக்காரர் வந்தார், ஈரத் தலையோடு, ஒன்றும் சொல்லாமல் கட்டில் காலடியில் உட்கார்ந்தார். தையல்காரர் நாடாவைத் தூண்டில் போல விட்டுக்கொண்டிருந்தார். மேல்மாடி அம்மாள் என் குடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக அப்படியே மிதந்து போனாள், குடை அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. யாரையும் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. கண் விழித்தால் வெயில் சுவரை விட்டே இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. பழக்கடைக்குப் போய் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பல வருஷமாக எதிர்க் கடைக்கு நடந்தவள், அவரிடமே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். பயந்துபோய் அவர் இரண்டு பழம் கூடப் போட்டார். தையல்காரரைத் தெருவில் நிறுத்தி "முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவர் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். நேற்று மருமகள் வந்து, "அத்தை, காலைல தூக்கத்துல பாடினீங்க" என்கிறாள். "பாட்டா? நானா?" "ஆமா அத்தை. நல்லாத்தான் இருந்துச்சு. அவரு கூட ஆஃபீஸ் கிளம்பாம கதவுகிட்ட நின்னு கேட்டாரு." இந்த வீட்டில் என் மானம் இருக்கிற லட்சணத்தைப் பார்த்தாயா?

அதற்கும் மேலே ஒன்று. இன்று மதியம் உன்னை நினைத்துப் பார்த்தேன். டம்ளர் எவர்சில்வரா கண்ணாடியா? நீ வைத்தது பாதித் தண்ணீரா, அடியில் ஒரு வாயா? நீ வைத்துவிட்டுப் போனாயா, நான்தான் கையிலிருந்து வாங்கிக்கொண்டேனா? தெரியவில்லை. தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. மற்றது எல்லாம் கரைந்துவிட்டது, உன் மேல் இருப்பது ஒன்றுதான் மிச்சம், அதுவும் ஓரத்தில் கரைகிறது. இந்த வயதில் இனிமேல் புதிதாக ஒருவர் மேல் கோபப்பட்டு, அது ஊறி முற்றி வருவதற்குக் காலம் எங்கே இருக்கிறது? அதனால்தான் இருக்கும்போதே எழுதுகிறேன்.

இந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் பழைய ஏசிதான். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துத்தான் மாற்றுவதா வேண்டாமா என்று இருக்கிறார்கள். நீயோ கையில் இருந்ததை எல்லாம் போட்டுப் புது ஏசியாகக் கடை முழுக்க அடுக்கி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய் என்று மீசைக்காரர் சொன்னார். நான் "ஆகாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தத் தெருவில் உனக்கு ஒன்று கூடப் போகாது. யோசித்துச் செய். பழைய ஏசியில் என்ன கேஸை ரொப்புவாயோ, எப்படி ரொப்புவாயோ, அது உன் பாடு.

மற்றபடி நீ பல்லும் பார்வையும் குறையாமல் நீடூழி வாழவேண்டும். கடை செழிக்கவேண்டும், ஆனால் மேலே சொன்னதைச் செய்த பிறகு. உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு, அவள் ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
உன்னை மன்னிக்காத அக்கா

பி.கு.: எழுதி முடித்து, மை காயட்டும் என்று சற்றே சாய்ந்தேன். எழுந்தபோது கடிதம் என் நெஞ்சின் மேல் கிடந்தது. எடுத்துப் படித்தேன். யாரோ ஒரு பொல்லாத கிழவி எழுதியது போல இருந்தது, கையெழுத்து மட்டும் என்னுடையது. கழற்ற ஆள் அனுப்பாதே. மேல்மாடி அம்மாள் வந்து புது ஏசி எப்படி என்று கேட்டாள், "கண்ணை மூடிக்கிட்டு வாங்கும்மா" என்று சொல்லிவிட்டேன், நாளை கட்டடமே உன் கடைக்கு வரும். இதற்கிடையில் கசிவு பார்க்க வந்த மீசைக்காரர் வாய்தவறி ஒன்று சொன்னார்: "முதலாளி வீட்டுல இன்னும் பழசுதாம்மா ஓடுது. அந்தச் சத்தம் இல்லாட்டி முதலாளியம்மாவுக்குத் தூக்கம் வராதாம்." அடப்பாவி! ஊருக்கெல்லாம் புதுசு மாட்டுகிறவனே, உன் வீட்டுக்காரி இத்தனை வருஷமாக என்னோடு பேசாமல் இருப்பது ஏன் என்று இப்போதல்லவா புரிகிறது. நான் அவளை என்ன சொன்னேனோ, எனக்கு மறந்துவிட்டது. அவள் அந்தச் சத்தத்தின் கீழே படுத்து ஒரு எழுத்து விடாமல் வைத்திருப்பாள். எல்லா வேலையையும் போட்டுவிட்டு முதலில் அதைக் கழற்று. அறையை ஒழுங்காக அள. நான் சொன்னதாக இப்போது சொல்லாதே. கொஞ்ச நாள் குளிரட்டும்.