அவள் பக்கத்துச் சக்கரம்

"சக்கரத்துப் பேரிங் என்ன ஆச்சு?" என்று கேட்டாள், பிக்கப் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டே.

"இந்த ஞாயித்துக்கிழமை மாத்திடறேன்" என்றார் தச்சர்.

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?"

"என் பொண்டாட்டி காதுக்கு மட்டும் முன் சக்கரம் முனகுது. எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"ரம்பத்தோட குடித்தனம் பண்ற காது. இடி விழுந்தாலும் அதுக்குக் கேக்காது."

சிரித்தபடியே காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறைக்குப் போய் ஒரு கதவுக்குக் கீல் வைத்தார். சாப்பிட வந்தபோது சமையலறையில் குழாய் திறந்திருந்தது. அவள் தரையில் கிடந்தாள். மாரடைப்பு என்றார் மருத்துவர். அதைக் கேட்டதும் தச்சர் முதலில் போய்க் குழாயை மூடினார்.

அதன்பிறகு வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. செய்து முடித்த அலமாரிகள் பட்டறையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பட்டறையில் அவரோடு வேலை பார்க்கும் மைத்துனன் ஒருநாள் பொறுமையிழந்தான்.

"மாமா, அலமாரிக்குக் காசு கொடுத்தவங்க எல்லாரும் என்னைத் திட்டறாங்க. வண்டியை எடுங்க."

"பேரிங் மாத்தாம எடுக்கமாட்டேன்."

"தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

"நான் மாத்தறேன்னு அவகிட்ட சொன்னேன். மெக்கானிக் மாத்துவான்னு சொல்லலை."

மைத்துனனே கடைக்குப் போய்ப் புது பேரிங் வாங்கி வந்தான். இறந்தவள் அவனுடைய அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. அவள் உட்காரும் பக்கத்து முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். மிக லேசாக ஆடியது.

"பாத்தியா, ஆடுது! அவ சொன்னது சரிதான்." உடனே ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

நட்டைத் திருகினார். நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது.

"வண்டியைத் தூக்கறதுக்கு முன்னாடியே நட்டைத் தளர்த்தணும்னு நினைக்கிறேன் மாமா."

"அதைத் தூக்கறதுக்கு முன்னாடியே நினைக்கறதுக்கென்ன?"

இறக்கித் தளர்த்தி மறுபடி தூக்கினால் ஜாக்கி மண்ணில் புதைந்தது. மைத்துனன் ஓடிப்போய்க் கையில் கிடைத்த பலகையைக் கொண்டுவந்து அடியில் வைத்தான். வண்டி மேலே எழுந்தது. பலகை நீளவாக்கில் பிளந்தது. அது யாரோ ஒருவர் வீட்டு வாசற்கதவின் நடுப்பலகை.

"இழைச்சு மெருகு போட்டது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"பளபளன்னு இருந்துச்சு மாமா. உறுதியா இருக்கும்னு நினைச்சேன்."

"உன்னை அக்கா செல்லம் கொடுத்தே கெடுத்துட்டா."



சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருந்த மூடியைத் தட்டி எடுத்தார்கள். நடு நட்டைப் பூட்டியிருந்த ஊசி வழுக்கிக்கொண்டு வந்தது. சக்கரம் மாட்டும் இரும்புக் குடத்தை வெளியே இழுத்தபோது உள்ளே தேன் நிறத்தில் கிரீஸ்.

"கிரீஸ் இவ்வளவு சுத்தமா இருக்கே மாமா?"

"நான் ஓட்டற விதம் அப்படி. அலுங்காம ஓட்டறவன்."

பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டார்கள். புதியதன் வெளி வளையம் குடத்துக்குள் நேராக இறங்க மறுத்தது. மரச்சுத்தியால் தட்டினார். சுத்தி பிளந்தது. இரும்புச் சுத்தியை எடுத்தார். வளையம் ஒருபக்கம் இறங்கியது. அந்தப் பக்கத்தைச் சமன் செய்யத் தட்டினால் இந்தப் பக்கம் எழுந்தது. கடைசியில் அது அடிக்குப் பயந்து உள்ளே போய் உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நடு நட்டை இறுக்குவதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. கட்டில் காலானாலும் கதவுச் சட்டமானாலும் மூட்டு இறுகினால்தான் நிற்கும். நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி, இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். பிறகு சக்கரத்தை மாட்டி அசைத்துப் பார்த்தார். மலைபோல நின்றது.

"இப்ப ஆடச் சொல்லு பாப்போம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மைத்துனன் அக்காவின் இருக்கையில் உட்காரத் தயங்கிப் பின்னால் ஏறிக்கொண்டான். வண்டி தெருவைத் தாண்டியதும் ஒரு சத்தம் எழுந்தது. மூடிய வாய்க்குள்ளிருந்து யாரோ விடாமல் முனகுவதுபோல. ரம்பத்தோடு குடித்தனம் செய்த காதுக்கே கேட்டது.

அவர் ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. மைத்துனன் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

"இத்தனை நாளா இதையா அவ கேட்டுக்கிட்டு வந்தா?" என்றார். "இவ்வளவு சத்தத்தையும் சகிச்சுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருந்தாளே. மாத்தியும் போகலையே."

"மாமா, அழாதீங்க. சக்கரத்துல புகை வருது."

வேறு வழியில்லாமல், மெதுவாக உருட்டிக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கிடமே போய்ச் சேர்ந்தார்கள். மெக்கானிக் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"யாருண்ணே இதை இப்படி இறுக்கினது? பேரிங்னா தலைமுடி அளவாவது ஆடணும். ஆட விடாம பிடிச்சா எரிஞ்சுபோயிடும்."

"ஆடினதாலதானே மாத்தினேன். அதான் நோய்னு நினைச்சேன்."

"கழட்டினது எங்க?"

மைத்துனன் டப்பாவை நீட்டினான். மெக்கானிக் பழைய பேரிங்கை எடுத்துத் துணியால் துடைத்தான். விரலில் மாட்டிச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டான். சத்தமே இல்லை. பிறகு அதைத் தச்சரின் உள்ளங்கையில் வைத்தான்.

"இது நான் போட்டதுண்ணே. நீங்க வெளியூருக்குக் கதவு மாட்டப் போயிருந்தப்ப அண்ணியே வண்டியை ஓட்டிட்டு வந்து மாத்திட்டுப் போனாங்க. 'அவர்கிட்ட சொல்லிடாதே, அப்புறம் அவரை வம்புக்கு இழுக்க என்கிட்ட என்ன இருக்கு'ன்னு சிரிச்சாங்க."