சகலையின் படமும் என் விரிசலும்

பேரும் புகழும் பெற்ற சகலை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அக்காளைக் கட்டிய ஒரே தகுதியால் உங்களுக்கு மூத்தவனாகிவிட்ட நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, நம் மாமியார் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு பத்திரிகை தவறாமல் தெரிவித்துவிடுகிறது. உங்கள் படத்துக்கு முதல் பரிசு கிடைத்ததற்கு வாழ்த்துகள். போன மாதமே எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன், 'வா' என்று எழுதியதும் பேனா மக்கர் பண்ணிவிட்டது. பொறாமை என்று நினைக்க வேண்டாம். பேனா பழசு.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் ஒழுங்காகக் கேட்டதில்லை. "பெரிய மாப்பிள்ளை கோட்டையில போட்டோ புடிக்கிறாரு, சின்ன மாப்பிள்ளை புகைப்படக் கலைஞர்" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்வதைக் காதாரக் கேட்டவன் நான். எனவே இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய எங்கள் கோட்டையின் மேற்கு வளைவில், வலது பக்கச் சுவரில், என் மார்பு உயரத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. மாதம் ஒன்றாம் தேதி, கதவு திறக்கும் முன்னால், தரையில் அடித்திருக்கும் ஆணிக்கு நேராகக் கேமரா முக்காலியை நிறுத்தி, விரிசலுக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அளவுகோலை வைத்து, ஒரே ஒரு படம் எடுப்பேன். பத்தொன்பது வருஷம், இருநூற்று இருபத்தெட்டுப் படம். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் வளைவை மூடிவிட வேண்டும் என்பது விதி. முதல் பதினெட்டு வருஷத்தில் அது ஒன்றிலிருந்து ஒன்றே முக்காலுக்குத்தான் வந்தது. அவ்வளவு அடக்கமான விரிசல். பெற்ற பிள்ளைகூட அப்படிச் சொன்ன பேச்சு கேட்காது.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். இரண்டே நாள் லீவு. கதவு திறக்கும் முன் உங்களை உள்ளே விட்டது யார்? நான். முக்காலி மறந்துவிட்டது என்றபோது என்னுடையதைக் கொடுத்தது யார்? அதுவும் நான். மைத்துனியை வளைவுக்குக் கீழே நிறுத்தி, வலது கையைச் சுவரில் வைக்கச் சொல்லி, முந்தானை பறக்கிற நேரம் பார்த்து ஒரு தட்டுத் தட்டினீர்கள். அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, "அண்ணே, இந்தக் கோடு கண்ணை உறுத்துது, எடுத்துடறேன்" என்றீர்கள். எந்தக் கோடு என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் என் விரிசல் காணாமல் போயிருந்தது. பதினெட்டு வருஷத்து உத்தியோகத்தை இரண்டு விநாடியில் அழித்துவிட்டு, "காபி இருக்கா?" என்று கேட்டீர்கள். நானும் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தக் காபிக்காக இன்றைக்கும் என்னை நானே நொந்துகொள்கிறேன்.

படம் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. உலகம் கிளம்பி இங்கே வந்துவிட்டது. முன்பு ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் காவலாளி கொட்டாவி விடாமல் இருப்பார். இப்போது அவருக்குக் கொட்டாவி விட நேரமில்லை. கோட்டையில் ஏழு வாசல், மூன்று கிணறு, ஒரு பாதாள அறை இருக்கின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேரே மேற்கு வளைவு. வரிசை மதிலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. மைத்துனி கை வைத்த இடத்தில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள்; எண்ணெய் தேய்த்த மண்டை மாதிரி கல் பளபளக்கிறது. சாய்கிறார்கள், குதிக்கிறார்கள், விரிசலுக்குக் கீழே இருக்கும் கல்திண்டில் ஏறி நிற்கிறார்கள். போன மாதம் நான் விரிசலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர், "சார், கொஞ்சம் நகருங்க, நீங்க போட்டோவுல விழறீங்க" என்றார். இன்னொரு அம்மாள் காவலாளியிடம் புகாரே செய்தார்: "படத்துல சுவர் சுத்தமா இருந்துச்சே? நேர்ல வந்தா விரிசல் விட்டிருக்கு. இவ்வளவு தூரம் வர்றவங்களுக்காகப் பூசி வைக்கக் கூடாதா?"

வீட்டிலாவது நிம்மதி உண்டா? கூடத்தில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது உங்கள் படம் தொங்குகிறது. எங்கள் கல்யாணம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. "ஆணி பெரிசு, அதான்" என்கிறார் மாமியார். என் மனைவி காலையும் மாலையும் அதன் முன்னால் நின்று, "என் தங்கச்சி எவ்வளவு அழகா இருக்கா" என்பாள். ஒருநாள் என் பக்கம் திரும்பினாள். "பத்தொம்பது வருஷமா அங்கதான வேலை பாக்கறீங்க? அந்த விரிசலை மாசாமாசம் எடுத்தீங்க. என்னை ஒரு தடவையாவது நிக்க வச்சு எடுத்திருக்கீங்களா?"

சகலை, எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே அழைத்துப் போனேன். ஊழியன் என்று சொல்லி முந்தினால் அடிப்பார்கள் போலிருந்ததால் மற்றவர்களோடு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வந்தது. அவள் கையைச் சுவரில் வைத்தாள். பின்னால் நின்றவர்கள் "தலையைத் திருப்புங்க, லேசா சிரிங்க" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் முக்காலியை நிறுத்தினேன், வெளிச்சம் பார்த்தேன், எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பழக்க தோஷம், அவளுக்குப் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி வைத்திருக்கிறேன். படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் எவ்வளவு அகலமாயிருக்கேன்னு பாக்கறீங்களா?" என்றாள். மூன்று நாள் எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உங்கள் வீட்டில் இப்படி நடக்குமா? நடக்காது. உங்களிடம் அளவுகோலே கிடையாது.

ஆமாம், பொறாமைதான். பேனா மேல் ஏன் பழி போட வேண்டும்? முன்பெல்லாம் ஒன்றாம் தேதி "கூடியிருக்கக் கூடாது சாமி" என்று வேண்டிக்கொண்டு கோட்டைக்குப் போவேன். இந்த வருஷம் "கூடியிருக்கணும் சாமி" என்று வேண்டிக்கொண்டு போனேன். இரண்டு, இரண்டே கால், இரண்டே முக்கால் என்று அது ஏற ஏற எனக்குச் சோறு ருசித்தது. காக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் அது பிளப்பதற்குக் காத்திருந்தேன். இந்த ஒன்றாம் தேதி மூன்று புள்ளி இரண்டு. முக்காலியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். காவலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

ஆகவே இதனால் தெரிவிப்பது: என் அறிக்கை தயார். நாளைக்குக் கொடுத்துவிடுவேன். கொடுத்த அன்றே வளைவுக்குக் கம்பிவேலி போட்டுவிடுவார்கள். இனி ஒருவரும் அங்கே கையும் வைக்க முடியாது, முந்தானையும் பறக்கவிட முடியாது. உங்கள் படத்தால் வந்த வினை உங்கள் படத்தோடு ஒழிந்தது. மரியாதையாக அதை எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். கூடத்து ஆணியிலிருந்து எடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மைத்துனிக்கு என் ஆசிகள். சளி பிடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். காற்றில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் நீடூழி வாழ்க. முடிந்தால் கேமரா இல்லாமல் வாழ்க.

இப்படிக்கு,
மூத்த சகலை

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன் என் மனைவி படித்துவிட்டாள். "மூடிட்டா அப்புறம் யாராலயும் அங்க படம் எடுக்க முடியாது. அப்போ அவர் எடுத்ததுதான் கடைசிப் படம். உலகத்துக்கே ஒண்ணு. நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. மூன்று நாள் அறிக்கை சட்டைப் பையிலேயே இருந்தது. மூன்று புள்ளி இரண்டை இரண்டு புள்ளி ஒன்பதாக்க ஒரு பேனா போதும். சரிபார்க்க வேறு ஆள் கிடையாது. எழுதியும் பார்த்தேன், பென்சிலால். இன்று காலை ஒரு தகப்பன் தன் கைக்குழந்தையைத் திண்டில் உட்காரவைத்துப் படம் எடுத்தான். விரிசலிலிருந்து பொடி உதிர்ந்து குழந்தையின் தலையில் விழுந்தது. தாய் அதை ஊதிவிட்டு, "ஒண்ணுமில்லடா, வெறும் மண்ணு" என்றாள். நேரே ஆபீசுக்குப் போய் உள்ளபடியே கொடுத்துவிட்டேன். மத்தியானமே மூடிவிட்டார்கள். வளைவு ஆளில்லாமல் நின்றது. அவ்வளவு அழகு, சகலை, கொஞ்சம் அழுதேன்.

தொலைவிலிருந்து வருகிறவர்கள் ஏமாறக் கூடாதாம். நுழைவாயிலில் வளைவின் படம் ஒன்றைப் பெரிதாக வைக்க வேண்டுமென்று மேலதிகாரி கேட்டார். என் இருநூற்று இருபத்தெட்டையும் மேஜை மேல் பரப்பினேன். பொறுமையாகப் பார்த்தார். "இதெல்லாம் ஆவணம். பாக்கற மாதிரி படம் ஒண்ணு வேணுமே, யார்கிட்டயாவது இருக்கா?" என்றார். உங்கள் பெயரை என் வாயாலேயே சொன்னேன். ஆகவே படத்தை எடுத்துவிடச் சொன்னதை மறந்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய பிரதியை உடனே அனுப்பவும். கீழே உங்கள் பெயரை எந்த அளவில் போடுவது என்று என்னிடம்தான் கேட்டார்கள். மூக்குக் கண்ணாடி போட்டால் தெரியும்.