உப்பில்லாமல் சாப்பிட்ட வீரன்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். என் மானம் போன கதையை உரக்கச் சொல்ல முடியாது.

ஒரு காட்டில் ஒரு கரடி, ஒரு ஆமை, ஒரு நரி, ஒரு முள்ளம்பன்றி இருந்தன. கரடி நான்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாறை நிழலில் கூடிக் கதையாட்டம் ஆடுவோம். ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் எழுதிக்கொள்வோம். முள்ளம்பன்றி கதையை நடத்துவாள். ராஜா, பூதம் எல்லாருக்கும் அவளே பேசுவாள். வெட்டு விழுந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும்.

ஆமையின் வீரன் பெயர் மின்னல்காலன். ஏன் என்று கேட்காதீர்கள். நரியின் வீரன் சுள்ளான். என் வீரன் இடிமார்பன், ஏழு வருஷமாகச் சாகாமல் இருந்தவன். தேனீயைக் கண்டால் குகைக்குள் ஓடுகிற எனக்கு அவன் ஒருத்தன்தான் பெருமை.

ஒருநாள் முள்ளம்பன்றி ஒரு படிவத்தோடு வந்தாள்.

“சண்டையில்லாத வாரத்திலும் வீரனுக்கு வயிறு உண்டு. எங்கே தங்கினான், என்ன சாப்பிட்டான், எல்லாம் எழுதணும். காலியாக விட்டால் பட்டினிச் சாவு. காகிதத்தைக் கிழித்துவிடுவேன்.”

“என் வீரனும் ஆமைதான். வீடு முதுகிலேயே இருக்கு,” என்றது ஆமை.

“வீடு இருக்கட்டும். சோறு?”

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நான் இடிமார்பனுக்குச் சத்திரத்தில் ஓர் அறை எடுத்தேன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடும் நரி தன் படிவத்தில், ‘தங்குமிடம்: பெரியப்பா அறை’ என்று எழுதியது. ஆமையும் அதைப் பார்த்து எழுதியது. வந்த விருந்தாளியைப் போ என்று சொல்லலாமா? மூன்று வயிற்றுக்குச் சோறு போட்டு, மூன்றே வாரத்தில் இடிமார்பன் தலைக்கவசத்தையும் விற்றுவிட்டான். நாலாவது வாரம் படிவத்தில் எழுத ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதீங்க பெரியப்பா,” என்றது நரி. “நாமும் விருந்தாளியாப் போவோம்.”

“யார் வீட்டுக்குடா?”

“நாம கொல்ல வேண்டிய பூதம் இருக்கே, அவர் வீட்டுக்கு. வசதியான ஆள்.”

மூன்று வீரர்களும் குகை வாசலில் போய் நின்றார்கள்.

“பூதம் உறுமுகிறது,” என்றாள் முள்ளம்பன்றி.

“மாமா, ஊரிலிருந்து வர்றோம். நடந்தே வந்தோம்,” என்றது நரி.

நல்ல குடும்பத்தில் வளர்ந்தவள் முள்ளம்பன்றி. யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது. “அடடா, உள்ளே வாங்க. முதல்ல கை கழுவுங்க, சாப்பிடலாம்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதானே. மூன்று வாரம் பூதத்தின் வீட்டில் சாப்பாடு. இடிமார்பனுக்கு லேசாகத் தொந்திகூடப் போட்டது.

நாலாவது ஞாயிறு முள்ளம்பன்றி பொறுமை இழந்தாள். “ஒரு மாசம் உட்கார்ந்து குகை முழுக்கப் பொறி வச்சிருக்கேன். எப்போதான் சண்டை போடுவீங்க?”

“உப்பைத் தின்ற வீட்டில் எப்படித் தாயி வாளை எடுக்கிறது?” என்றேன் நான். ஆமையும் தலையாட்டியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

“நான் எடுக்கலாம்,” என்றது நரி.

“நீயும்தானேடா தின்றாய்?”

“என் படிவத்தைப் பாருங்க பெரியப்பா.”

பார்த்தோம். மூன்று வாரமும் ஒரே வரி: உப்பில்லாக் கஞ்சி. பத்தியம்.

நரி பகடையை உருட்டியது. இருபது விழுந்தது. பூதம் கைகழுவும் செம்போடு சாய்ந்தது. ஆமை அழுதேவிட்டது. குகை, புதையல், அடுப்பு எல்லாம் சுள்ளானுக்கு.

முள்ளம்பன்றி அடுத்த வாரத்துப் படிவத்தை என் முன்னால் வைத்தாள். கிழிப்பதற்கு வாகாக ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி,” என்றேன் நரியிடம். படிவத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினேன்.

“நம்ம வீடு பெரியப்பா. இருங்க. சமையலுக்குத்தான் ஆள் இல்லை.”

எழுதினேன். ஏழு வருஷம் எவனுக்கும் தலைகுனியாத இடிமார்பன், பூதத்தின் அடுப்பில் குழம்பு கொதிக்க வைத்தான். மின்னல்காலன் இலை போட்டான்.

சுள்ளான் வந்து குழம்பை எட்டிப் பார்த்தான்.

“உங்க ரெண்டு பேருக்கும் உப்பைக் கொஞ்சம் தூக்கலாவே போட்டுக்குங்க பெரியப்பா,” என்று சொல்லிவிட்டு, தன் கஞ்சியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான்.

நீதி: உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு நன்றி மிஞ்சும்; பத்தியம் இருக்கிறவருக்கு வீடு மிஞ்சும்.