முகம் சுளிக்காத பாப்பா

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித குலம் கண்டுபிடித்த மகத்தான சாதனம் எது என்று கேட்டால், "நல்லா இருக்கேன், நன்றி" என்ற வாக்கியம்தான் என்று அடித்துச் சொல்வார் புன்னகை சார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதைச் சொல்லிக்கொடுத்தே வீடு கட்டியவர்.

வங்கி, டெலிபோன் ஆபீஸ், மின்சார ஆபீஸ் என்று ஜனங்கள் எங்கெல்லாம் கால் கடுக்க நின்று கடுப்பாகிறார்களோ, அங்கெல்லாம் போய்க் கவுன்ட்டர் ஊழியர்களுக்கு 'முகமலர்ச்சிப் பயிற்சி' அளிப்பது அவருடைய தொழில். பயிற்சிக்குப் பிறகு வரிசை ஓர் அங்குலம்கூடக் குறையாது. ஆனால், வரிசையில் நிற்பவருக்குச் சண்டை போட ஆள் கிடைக்காது. சமூகத் தொண்டு என்பது வேறென்ன?

அந்தத் தொண்டின் நடமாடும் விளம்பரம் அவருடைய ஏழு வயது மகள். ஊசி குத்தினால் குத்தியவருக்கு நன்றி சொல்வாள். இடித்துக்கொண்டால் மேஜையிடம் மன்னிப்புக் கேட்பாள். "எப்படி சார் இப்படி வளர்த்தீங்க?" என்று வருகிறவர்கள் வியப்பார்கள். புன்னகை சார் அடக்கமாகப் புன்னகைப்பார்.

அன்று மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேள்விக்குறி மாதிரி வளைந்து வந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை. நெற்றி அடுப்பாகக் கொதித்தது.

"வயிறு வலிக்குதாடி?" என்றாள் அம்மா. தையல் கடை வைத்திருப்பவள். எந்தப் பயிற்சியும் பெறாதவள்.

"பரவாயில்லம்மா. நீங்க வேலையைப் பாருங்க" என்றாள் பாப்பா. பிறகு வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றாள்.

"என்னங்க, வண்டியை எடுங்க" என்றாள் அம்மா.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு பார்க்கவே கொள்ளை அழகு. சுவரெல்லாம் யானை, மீன், வானவில். இருமலும் அழுகையும் மட்டும் இல்லாவிட்டால் பொருட்காட்சி என்றே நினைக்கலாம். வரவேற்பறைப் பெண் புன்னகை சாரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். போன வருடம் இந்த ஆஸ்பத்திரிக்கே அவர்தான் பயிற்சி அளித்தார். மனைவி பக்கம் திரும்பி, 'பார்த்தாயா' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

யார் அவசரம், யார் அவ்வளவு அவசரமில்லை என்று பிரித்து அனுப்பும் நர்ஸம்மா, பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எப்படி இருக்கே கண்ணு?"

"ரொம்ப நல்லா இருக்கேன் ஆன்ட்டி. நீங்க எப்படி இருக்கீங்க?"

நர்ஸம்மா நெகிழ்ந்துபோனாள். காலையிலிருந்து யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்துக் கதறும் முகத்தில் முடியும் படத்தை நீட்டி, "இதுல உன் வலி எந்த முகம்னு தொட்டுக் காட்டு" என்றாள்.

பாப்பா சிரிக்கும் முகத்தைத் தொட்டாள். "இதுதான் ஆன்ட்டி நல்ல முகம்" என்று விளக்கமும் சொன்னாள்.

"ஜுரம் இருக்கு. மத்தபடி குழந்தை ஜம்முனு இருக்கா" என்று சொல்லி, பாப்பாவின் கையில் பச்சை வளையத்தை மாட்டிவிட்டாள். பச்சை என்றால் நிதானமாகப் பார்க்கலாம் என்று அர்த்தம்.

அப்போது ஒரு பையன் ஆஸ்பத்திரியே அதிரும்படி ஊளையிட்டுக்கொண்டு வந்தான். மூக்கில் ரப்பர் துண்டைச் செருகிக்கொண்டு விட்டானாம். படத்தை நீட்டும் முன்பே கதறும் முகத்தைக் குத்தி ஓட்டை போட்டான். நேரே உள்ளே போனான்.

பாப்பா நாற்காலியில் சுருண்டு, வலது காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதிலும் ஒரு புன்னகை.

புன்னகை சார் எழுந்து வரவேற்பறைக்குப் போனார்.

"கொஞ்சம் சீக்கிரம் பார்க்கச் சொல்லும்மா. குழந்தை துவண்டு போயிட்டா."

அந்தப் பெண் தலையை இடது பக்கம் சாய்த்தாள். "உங்க உணர்வை நாங்க ரொம்ப மதிக்கிறோம் சார்."

"சரி. எப்போ கூப்பிடுவீங்க?"

"உங்களுக்காகத்தான் சார் தயாராகிக்கிட்டிருக்கோம்."

"ஏம்மா, இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது."

"ஆமா சார். தலையைச் சரியா சாய்ச்சேனா? அளவு கொஞ்சம் கூடிப்போச்சோன்னு சந்தேகம்."

சரியான அளவுதான். கோபித்துக்கொள்ள அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து மகள் முன்னால் மண்டியிட்டார். "கண்ணு, கொஞ்சம் அழும்மா."

"எதுக்குப்பா? நான் நல்ல பொண்ணாச்சே."

"நல்ல பொண்ணுதான். ஒரே ஒரு தடவை. சத்தமா."

"மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்குமே."

"உன் கரடி பொம்மையை அப்பா குப்பையில போட்டுட்டேன்னு நினைச்சுக்கோ."

பாப்பா யோசித்தாள். "பரவாயில்லப்பா. ஒவ்வொரு இழப்பும் ஒரு புது வாய்ப்புதானே."

"இதையும் நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

புன்னகை சார் எழுந்தார். கத்துவது என்று முடிவு செய்தார். வாயைத் திறந்து, "என்னய்யா ஆஸ்பத்திரி நடத்துறீங்க?" என்று உரக்கவே கேட்டார். ஆனால், பல வருடப் பழக்கம். குரல் கொதித்ததே தவிர, முகம் மலர்ந்தே இருந்தது. வாசல் காவலாளி, சார் பாராட்டுகிறார் என்று நினைத்து, "ரொம்ப நன்றி சார்" என்றார்.

அம்மா அதற்குமேல் பொறுக்கவில்லை. பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். 'அனுமதி இல்லை' என்று மீன் ஒன்று அன்பாகச் சொல்லும் கதவை முழங்காலால் தள்ளினாள். "என் புள்ளைய இப்ப பார்க்கறீங்களா, இல்ல இங்கயே உக்காந்து ஒப்பாரி வைக்கட்டுமா?" என்று அவள் போட்ட சத்தத்தில், உள்ளே பையனின் மூக்கிலிருந்த ரப்பர் தானாகவே வெளியே வந்துவிட்டது.

டாக்டரம்மா ஓடிவந்தாள். பாப்பாவைக் கட்டிலில் கிடத்தி, வயிற்றின் வலது பக்கம் மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தாள். பாப்பாவின் கால் விரல்கள் நண்டுபோல மடங்கின. உதடு சிரித்தபடியே இருக்க, இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

"வலிக்குதா கண்ணு?"

பாப்பா டாக்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இவங்ககிட்ட நிஜத்தைச் சொல்லலாமா?"

புன்னகை சாரின் முகத்தில் அத்தனை வருடம் குடியிருந்தது அந்த நிமிஷம் காலி செய்துகொண்டு போனது. "சொல்லும்மா" என்றார்.

"காலையிலேருந்து வலிக்குது. ரொம்ப ரொம்ப வலிக்குது" என்று சொல்லிவிட்டு, பாப்பா ஊரைக் கூட்டினாள். முதல் முயற்சி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

பச்சை வளையத்தைக் கத்தரித்துப் போட்டார்கள். கட்டில் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடியது.

இருட்டுவதற்கு முன்பே டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். குடல்வாலை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்றாள். அம்மா சுவரில் இருந்த யானையின்மேல் சாய்ந்து அழுதாள்.

புன்னகை சார் கை கூப்பினார். அந்த நேரத்திலும் தகப்பன் மனசு கேட்கவில்லை. "எம் பொண்ணு உங்களை ரொம்பப் படுத்திட்டாளா டாக்டர்?"

"சேச்சே. மயக்க மருந்து கொடுக்கிறவருக்குக்கூட நன்றி சொல்லிட்டுத்தான் தூங்கினா. ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்க சார்" என்றாள் டாக்டரம்மா. "இன்னும் கொஞ்சம் நல்லா வளர்த்திருந்தீங்கன்னா, எங்களால காப்பாத்தியிருக்க முடியாது."