கால் விரலிடுக்கில் ஒரு கிராம்பு

ஒரு தப்பும் செய்யாமலேயே, பொய் கண்டுபிடிக்கும் மிஷினை ஏமாற்றத் திட்டம் போட்டுக்கொண்டு போனவள் நான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. உங்களையும் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஒயரை மாட்டட்டும், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு பரோட்டா கடையில் ஸ்டோர் பொறுப்பு பார்த்தேன். பட்டை, சோம்பு, கசகசா என்று சால்னாவுக்குப் போகிற அத்தனை சாமானும் என் சாவிக்குள் இருந்தன. அந்த மசாலாவின் பக்குவம் தெரிந்தவர்கள் நான்கே பேர். முதலாளி அண்ணாச்சி, அடுப்படியில் நிற்கிற கனி மாஸ்டர், மசாலா அரைக்கிற சுடலி அக்கா, சாமானை நிறுத்துக் கொடுக்கிற நான்.

அந்த வருஷம் சாரல் விழத் தொடங்கிய வாரத்தில் எங்கள் கடைக்கு எதிரே புதுக்கடை ஒன்று திறந்தார்கள். மூன்றாம் நாள் அண்ணாச்சி அங்கிருந்து ஒரு பார்சல் வரவழைத்து, சால்னாவில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"இது நம்ம சால்னால்லா! யாரோ பக்குவத்த வெளிய சொல்லியிருக்காவ."

சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். சாவி வைத்திருப்பவள் மேல்தானே சந்தேகம் வரும்! சால்னா களவு போய்விட்டது என்று எந்த ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால் அண்ணாச்சி யாரையோ பிடித்து, எங்கள் மூன்று பேரையும் சோதிக்க மதுரையிலிருந்து உண்மை அறியும் மிஷினோடு ஒரு ஆளை வரவழைத்தார்.

"செல்வி, நீ சொல்லலேன்னு மிஷின் சொன்னா நீ பாட்டுக்கு வேல பாரு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராண்டாம். ஏன் நிறுத்துனேன்னு ஊர்ல எவன் கேட்டாலும் நான் மறைக்க மாட்டேன்."

புரிகிறதா? வேலை மட்டும் போகாது. பக்குவத்தை வெளியே விட்டவள் என்று பேர் வந்துவிட்டால், தென்காசி வட்டாரத்தில் ஒரு டீக்கடைக்காரர்கூட என்னை நம்பிச் சர்க்கரை டப்பாவைத் தொடவிட மாட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. சம்மதக் கையெழுத்து இல்லாமல் யாரையும் அந்த மிஷினில் உட்கார வைக்கக் கூடாதாம். ஆனால் மாட்டேன் என்றால் அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிற ஊர் எங்களுடையது. போட்டேன் கையெழுத்து.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாமலேயே இருந்திருக்கலாம்.) போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சாதாரணக் கேள்வி கேட்கும்போது காலடியில் கூர்மையாக எதையாவது வைத்து அழுத்தினால் உடம்பு துள்ளும், மிஷின் குழம்பிப்போகும் என்றார் ஒரு ஆள். ஊசி வைக்கப் பயம். ஆகவே ஒரு கிராம்பை எடுத்து வலது கால் பெருவிரல் இடுக்கில் செருகி, மேலே ஷூ மாட்டிக்கொண்டேன். அந்தக் கிராம்பு எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்தது, கடை ஸ்டோரிலிருந்து அல்ல. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

சோதனை குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அறையில். ஆய்க்குடியிலிருந்து பஸ் பிடித்து, சாரலில் நனைந்து போய்ச் சேர்ந்தால், உள்ளே ஏசி ஓடுகிறது! மிஷின்காரர் டை கட்டியிருந்தார். நல்ல மரியாதையான மனுஷன்.

"பயப்படாதீங்க மேடம். சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு சார், ஆச்சு."

சாப்பிடவில்லை. பயத்தில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. குடல் காய்ந்து கிடந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்வோம். இல்லை என்றால், எனக்குச் சோறு போடு என்று கேட்ட மாதிரி ஆகிவிடாதா?

மிஷினில் உட்கார்ந்த உடனே கேள்வி கேட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். முக்கால் மணி நேரம் சும்மா பேசினார். என்னென்ன கேட்கப் போகிறார் என்று முன்கூட்டியே எல்லாவற்றையும் வாசித்தும் காட்டினார். பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைக் கையில் கொடுத்த மாதிரிதான். அப்படியும் எனக்கு வியர்த்தது. பிறகு மார்பில் ஒன்று, வயிற்றில் ஒன்றாக ரப்பர் குழாய், கையில் பிரஷர் பார்க்கிற பட்டை, இரண்டு விரலில் கிளிப். சுவரைப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது, ஆமா இல்லை தவிர ஒன்றும் பேசக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் அரை நிமிஷம் மௌனம். அந்த மௌனத்தில் செய்யாத தப்பெல்லாம் செய்த மாதிரி ஞாபகம் வரும்.

"உங்க பேர் முத்துச்செல்வியா?"

கிராம்பை அழுத்தினேன். "ஆமா."

"உங்க ஊர் ஆய்க்குடியா?"

அழுத்தினேன். "ஆமா."

"இன்னைக்குக் காலையில சாப்பிட்டீங்களா?"

ஐயோ! வாசித்துக் காட்டியபோது இது என் காதில் ஏறவே இல்லை. முதலிலேயே ஆச்சு என்று சொல்லித் தொலைத்திருக்கிறேனே, இப்போது எப்படி மாற்றுவது? அழுத்தவும் மறந்துபோய், "ஆமா" என்றேன்.

"மசாலா பக்குவத்தை வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

மூன்று முறை இதே கேள்விகள். முடித்துவிட்டு அவர் கம்ப்யூட்டரில் ஓடிய கோடுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், உங்க பேர்ல கோடு எகிறுது. ஊர்ல எகிறுது. சாப்பாட்டுல ரொம்ப எகிறுது. கேக்க வேண்டிய கேள்விக்கு மட்டும் அமைதியா இருக்கு. கொஞ்சம் ஷூவைக் கழட்டுறீங்களா?"

கழற்றினேன். கிராம்பு உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் வராந்தாவில் காத்திருந்த அண்ணாச்சி எட்டிப் பார்க்க வேண்டுமா! கூடவே பிளாஸ்க்கோடு அவர் சம்சாரம், எங்கள் மதினி.

"ஏட்டி, கிராம்பு! என் ஸ்டோர் சாமான கால்ல வச்சுக் கடத்துதியா?"

"எங்க வீட்டுக் கிராம்பு அண்ணாச்சி!"

"கிராம்புல பேரா எழுதியிருக்கு?"

ஒற்றைக் கிராம்பைக் கடத்தி நான் எந்த ஊரில் பிரியாணி போடுவது என்று கேட்டிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. மிஷின்காரர் பாவம், நியாயத்தைப் பேசினார்.

"சார், இந்தம்மா ரிசல்ட்டை நான் எடுத்துக்க முடியாது. ஆனா ஒரு விஷயம். காலையில வந்த உங்க மாஸ்டரும் அந்த அக்காவும்கூட சாப்பிட்டாச்சுன்னு சொன்ன இடத்துலதான் மாட்டுனாங்க. மத்ததுல ரெண்டு பேரும் சுத்தம்."

மதினி பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"ஊருக்கெல்லாம் பரோட்டா போடுதீய. வேல பாக்கவங்க வெறும் வயித்தோடயா நிக்காவ? இதக் கண்டுபிடிக்க மதுரயிலேர்ந்து ஆள் வரணுமாக்கும்!"

அண்ணாச்சி தலையைக் குனிந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த வீம்பு வந்ததோ தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ஷூவோடு எழுந்து நின்றேன்.

"பக்குவம் தெரிஞ்சது நாலு பேருக்கு. மூணு பேரு உக்காந்தாச்சு. இப்ப நீங்க உக்காருங்க அண்ணாச்சி."

"எனக்கு எதுக்குட்டி? கோட்டிக்காரி மாதிரி பேசாத. என் பக்குவத்த நானே சொல்லுவனா?"

"அப்படீன்னா பயம் என்னத்துக்கு? உக்காருங்க" என்றார் மதினி.

உட்கார்ந்தார். கையெழுத்தும் போட்டார். எங்களை வெளியே போகச் சொன்னார் மிஷின்காரர். நாங்கள் போகவில்லை. பேர் கேட்டார், ஊர் கேட்டார், அண்ணாச்சி கம்பீரமாகச் சொன்னார். காலையில் சாப்பிட்டீங்களா என்றதும், "ஆமா, எட்டு இட்லி" என்று கேட்காத கணக்கையும் சேர்த்துச் சொன்னார்.

"மசாலா பக்குவத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல" என்றார். ஒயரும் கிளிப்புமாக அவருடைய வலது கை தானாக எழும்பிப் போய் மூக்கைத் தடவியது.

"போதும், மிஷின நிறுத்துங்க தம்பி" என்றார் மதினி. "இவுக பொய் சொன்னா மூக்கத் தடவுவாக. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கேன். யார்ட்ட சொன்னீய?"

கோடு என்ன சொன்னதென்று யாருமே பார்க்கவில்லை. அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடியே சொன்னார். சீசனுக்கு முன்னால் அருவிக்கரையில் எண்ணெய் மசாஜுக்குப் படுத்திருக்கிறார். பக்கத்துப் பலகையில் கிடந்த ஒருவர், உங்க கடை சால்னாவுக்கு ஈடு கிடையாது அண்ணாச்சி என்றிருக்கிறார். தலையில் எண்ணெய், காதில் புகழ்ச்சி. பட்டையிலிருந்து கசகசா வரைக்கும் மொத்தத்தையும் ஒப்பித்திருக்கிறார் மனுஷன். அந்த ஆள்தான் எதிர்க்கடை முதலாளி.

"கண்ண மூடிக்கிட்டுல்லா கெடந்தான். தூங்குதான்னு நெனச்சேன்."

அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது ஞாபகமே வந்ததாம். (நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.)

"சரிட்டி, போனது போட்டும். நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார்.

"வருதேன். ஆனா பரோட்டாக் கல்லு முன்னால நின்னு, பக்குவத்தச் சொன்னது நான்தான்னு எல்லாரும் கேக்கச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் ஸ்டோரத் தொறப்பேன்."

சாவி என் கைப்பையில் இருந்தது. மறுநாள் காலை அவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அடுப்புச் சத்தத்தில் பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொல்லவைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கடையில் வேலை தொடங்குமுன் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு உண்டு. மதினி உத்தரவு.

இப்போது நான் ஆய்க்குடியில் சொந்தமாக மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். வீட்டில் நான் எதையாவது மழுப்பினால், "எங்க, கால் விரலக் காட்டு" என்கிறார் என் வீட்டுக்காரர். என் மகளும் அதைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கட்டும். எங்கள் வீட்டுக் கிராம்பு என்பதை மட்டும் இன்றுவரை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

போன மாதம் அண்ணாச்சி பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க மதினியோடு வந்தார். மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில்.

"சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?"

"ஆச்சு தாயி, ஆச்சு" என்றவரின் கை மூக்குக்குப் போனது.

நான் மதினியைப் பார்த்தேன், மதினி என்னைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு இலை எடுத்து வந்து போட்டேன்.